மலைக்கு இப்பால்

இராசபாளையத்திலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்வோர்க்கு இடப்புறம் நெடுகிலும் மலை துணை வருகிறது. திருவில்லிபுத்தூரைத் தாண்டிய பின்னும் அது நம்மை விடுவதில்லை. ஆடி மாதத்தில் அதன் முடிகளைக் காண்பது அரிது. கருமேகம் கவிந்து கிடக்கும். புதிதாய் வருகிறவர், பெருமழை ஒன்று இதோ இறங்கப்போகிறது என்றெண்ணிப் பையில் குடையைத் துழாவுவார். உள்ளூர்க்காரர் புன்னகை செய்வார். அந்த மேகம் மலைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு உரியது என்பது அவருக்குத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் நீரில் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே பொழிந்து தீர்ந்துவிடுகிறது. முகட்டைத் தாண்டி இப்பால் இறங்குவது பெரும்பாலும் காற்றும் புழுதியுமே. கண்ணுக்கு எதிரே மேகத்தை வைத்துக்கொண்டு ஐப்பசி வரை காத்திருப்பது இந்நாட்டு மக்களுக்கு வழிவழியாய் வந்த பழக்கம்.

சென்ற ஆடியில் இவ்வழியே சுந்தரபாண்டியம் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்மணியின் தாய் அவ்வூரில் வாழ்கிறார். “சாமி, அந்தப் பக்கம் போனால் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அப்பா இறந்ததிலிருந்து அம்மா பூசைக்குப் போகவில்லை. இரண்டு வருடமாகிறது” என்று அப்பெண் பலமுறை வேண்டியிருந்தார். இராசபாளையத்தில் எனக்கு வேறு ஓர் அலுவல் இருந்தது. அதை முடித்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

இராசபாளையம் வட்டாரம் பஞ்சுக்கும் நூலுக்கும் பேர்போனது. அதை அடுத்துள்ள சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அங்கு நெய்யப்படுவது பெரும்பாலும் உடுக்கும் துணியன்று. காயங்களைக் கட்டும் துணி. நாட்டின் எந்தெந்த மூலைகளிலோ உள்ள மருத்துவமனைகளுக்கு அது பயணமாகிறது. யார் காயத்திற்கு என்று அறியாமலே ஓர் ஊர் நெய்துகொண்டிருக்கிறது என்ற நினைவு, பேருந்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஏனோ ஆறுதலாயிருந்தது.

திருவில்லிபுத்தூரில் ஆலயக் கோபுரம் தொலைவிலேயே தெரிந்துவிடுகிறது. பதினொரு நிலைகள் கொண்டது. ஆண்டாள் என்னும் பெண்ணின் ஏக்கமும் காத்திருத்தலும் இவ்வூரில் இன்றும் மார்கழி தோறும் பாடப்படுகின்றன. இறைவனை வேண்டிக் காத்திருத்தல் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இங்கு ஒரு கணம் நினைத்துக்கொள்வது தவறாகாது. பேருந்து நிலையத்தருகே பால்கோவா வாங்கினேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. சமையற்காரருக்கு என்று வாங்கியதில் பாதி வழியிலேயே குறைந்துவிட்டதை இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

கிருஷ்ணன்கோவிலில் பெருஞ்சாலையை விட்டு மேற்கே வத்திராயிருப்புச் சாலையில் திரும்பினால் நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. தென்னந்தோப்புகள், வயல்கள், கரை உயர்ந்த கண்மாய்கள். மலை இப்போது பக்கத்தில் அன்று, நேர் எதிரே நிற்கிறது. சதுரகிரிக்குச் செல்வோர் அடிவாரமாகிய தாணிப்பாறைக்கு இவ்வழியாகவே போகின்றனர். ஆடி அமாவாசையில் சாலை கொள்ளாத கூட்டம். பாண்டிய மன்னர் பலர் தாங்கிய பெயரைத் தன் பெயராகக் கொண்ட சுந்தரபாண்டியம் இந்த மலைச்சாரலில்தான் இருக்கிறது. பேரூராட்சி என்று பெயரே தவிர, நடந்தே சுற்றிவரக்கூடிய ஊர். 

இங்கு இரு தொழில்கள். ஒன்று உழவு, மற்றொன்று நெசவு. உழவர்க்கு மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் உண்டு. முன்னது ஏறத்தாழ 47 அடி, பின்னது 42 அடி. பெரிய அணைகளைக் கண்டவர்களுக்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் இவ்விரண்டும் நிரம்பினால்தான் கண்மாய்கள் நிரம்பும். கண்மாய்கள் நிரம்பினால்தான் நெல். நெசவாளர்க்கோ தறி வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. கைத்தறிகள் முன்போல் இல்லை. பல வீடுகளில் குழி மூடப்பட்டுவிட்டது. எஞ்சிய வீடுகளில் நாடா ஓடும் ஓசை இன்றும் கேட்கிறது.

நெசவுத் தெருவை விடியற்காலையில் காணவேண்டும். பாவைத் தெருவின் நீளத்திற்கு நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகப் பிரித்து ஆற்றி உலர்த்துவார்கள். அது தனியொருவர் செய்யக்கூடிய வேலையன்று. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து நிற்பார்கள். நாளை அவர்கள் பாவுக்கு இவர்கள் போய் நிற்பார்கள். வெயில் ஏறுமுன் தொடங்கி, இளவெயிலில் உலர்த்தி முடித்துவிட வேண்டும். நடுவில் மழை தூறினால் கஞ்சி கரைந்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பல நாள் கூலி மண்ணாகும். ஆகவே நெசவாளர் வீட்டில் எழும் வேண்டுதல், “இன்று மழை வேண்டாம்” என்பது. அதே வேளையில் கண்மாய்க்கரையை அடுத்த வீட்டில், நாற்று வாடிக்கொண்டிருக்கிற உழவன் கைகூப்பி நிற்கிறான்: “இன்றாவது மழை வரட்டும்.” ஒரே ஊர், ஒரே விடியல். நான் வேதசாத்திரம் பயின்ற நாட்களில் செபத்தின் பயன் பற்றிப் படித்த நீண்ட பாடங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் இதை எடுத்துக்காட்டியதில்லை. இரு வீடுகளில் ஒன்றின் செபம் அன்று கேட்கப்படாமற் போகும். கேட்கப்படாத வீட்டில் விசுவாசம் குறைவு என்று யாரால் சொல்ல இயலும்?

மழையே வந்தாலும் அது நாம் கேட்ட வடிவில் வரும் என்பதில்லை. 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் திடீரெனப் பெருக்கெடுத்த காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் சிலரை அடித்துச் சென்றது. சமவெளியில் ஏங்கிய நீர் மலைமேல் உயிர் குடித்தது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். மலைக்கு அப்பால் மேற்கே ஓடும் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் உபரிநீரை இப்பால் வைப்பாற்றுப் படுகைக்குத் திருப்பும் திட்டம் ஒன்று பல்லாண்டுகளாய்ப் பேசப்படுகிறது. 1995-இல் தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை அதற்கான சாத்தியக்கூறு அறிக்கையையும் தந்தது. இந்த வட்டாரத்து உழவர்கள் மனு கொடுத்து ஓய்ந்தார்கள். கேரளம் உடன்படவில்லை. தங்கள் ஆறுகளில் உபரிநீர் இல்லை, எடுத்தால் கீழேயுள்ள வயல்களில் கடல்நீர் ஏறும் என்பது அவர்கள் வாதம். எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் நம் மனு நிராகரிக்கப்படும்போது மலைக்கு அப்புறத்திலும் ஒருவர் மனுவோடு நிற்கக்கூடும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அந்த அம்மையாரின் வீடு தெருவின் கடைசியில் இருந்தது. தாழ்ந்த ஓட்டுக்கூரை. முன்னறையில் இரண்டு தறிக்குழிகள். ஒன்றில்தான் தறி இருந்தது. மற்றதன்மேல் பலகை போட்டு மூடி, அதன்மேல் அரிசி மூட்டை வைத்திருந்தார்கள். “வாங்க சாமி” என்று எழுந்து நின்றவருக்கு அறுபது வயதிருக்கும். முழங்கால் வரை குழிக்குள் இறக்கி வேலை செய்து பழகியவர்களுக்கே உரிய மெல்லிய தள்ளாட்டம் நடையில் இருந்தது. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். மகளைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்தார். பூசையைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சற்று நேரம் கழிந்த பின் அவரே தொடங்கினார். கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. பதினான்கு மாதம் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தார்கள். ஒரு தறியை விற்றார்கள். பதின்மூன்று செவ்வாய் அந்தோனியார் நவநாள் தவறாமல் செய்தார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு, நோயாளியையும் அழைத்துக்கொண்டு போய்வந்தார். இரவு இரவாய்ச் செபமாலை. ஒரு தைமாதத்தில் கணவர் இறந்துபோனார். துக்கம் விசாரிக்க வந்தவர்களில், செபக்கூட்டம் நடத்தும் ஒருவரும் இருந்தார். “உங்கள் செபத்தில் எங்கோ விசுவாசம் குறைந்திருக்கிறது. இல்லாவிட்டால் அவர் பிழைத்திருப்பார்” என்று அவர் சொல்லிச் சென்றாராம்.

“அப்போ நான்தான் அவரைக் கொன்னுட்டேனா சாமி? கேட்டால் கிடைக்கும்னுதானே நீங்களும் பிரசங்கத்தில் சொல்றீங்க?” என்றார் அந்த அம்மா. குரலில் கோபமில்லை, பதினான்கு மாதமும் அதன்பின் இரண்டு ஆண்டும் இக்கேள்வியைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிப்போன குரல் அது.

அன்பு வாசகர்களே, குருமடத்தில் எங்களுக்கு விடைகள் கற்பிக்கப்பட்டன. அவை பொய்யான விடைகளல்ல. புனித தோமாஸ் அக்குவினாஸ் கூறுவார்: நாம் செபிப்பது இறைவன் திட்டத்தை மாற்றுவதற்கன்று, நம் செபத்தின் வழியாக நிறைவேறவேண்டும் என அவர் வகுத்ததைப் பெற்றுக்கொள்வதற்கே என்று. ஆழமான கருத்து. புனித மோனிக்கம்மாளின் வரலாறும் உண்டு. மகன் அகுஸ்தீன் தன்னைவிட்டுக் கடல்கடந்து உரோமைக்குப் போய்விடக்கூடாது என்று அந்தத் தாய் கார்த்தேஜ் துறைமுகத்தருகே புனித சிப்பிரியானின் நினைவுக்கோவிலில் இரவெல்லாம் அழுது மன்றாடினாள். விடிந்து பார்த்தால் கப்பல் போயிருந்தது. அந்தக் கடற்பயணமே அவனை இத்தாலியில் அம்புரோசு ஆயரிடம் சேர்த்தது. 387-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாவில் அவன் ஞானஸ்நானம் பெற்றான். அன்றிரவு கேட்டதை மறுத்து, ஆயுளெல்லாம் கேட்டதை இறைவன் தந்தார் என்று அகுஸ்தீனே பின்னாளில் எழுதி வைத்தார்.

நான் எத்தனையோ பிரசங்கங்களில் சொன்ன வரலாறு இது, இனியும் சொல்வேன். ஆனால் அந்த ஓட்டுவீட்டுத் திண்ணையில் அதைச் சொல்ல வாயெடுக்கவில்லை. மோனிக்கம்மாளுக்கு மகன் திரும்பக் கிடைத்தான். இந்த அம்மாவுக்குத் திரும்பக் கிடைக்க என்ன இருக்கிறது? பெரிய நன்மையொன்று பின்னால் காத்திருக்கிறது என்று அவரிடம் உறுதி கூற நான் யார்? சில மறுப்புகளுக்கு இவ்வுலகில் விளக்கம் கிடைப்பதில்லை. அவற்றுக்கு விளக்கம் தயாரிப்பதுதான் யோபுவின் நண்பர்கள் செய்த பிழை. அவர்கள் வந்தவுடன் ஏழு நாள் வாய் திறவாமல் தரையில் அவரோடு அமர்ந்திருந்தார்கள் என்று விவிலியம் கூறுகிறது. அந்த ஏழு நாளும் நல்ல நண்பர்களே. பேசத் தொடங்கியபோதுதான் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று பக்கம் பக்கமாய் வாதாடினார்கள். இறுதியில் இறைவன் சினங்கொண்டது கேள்விமேல் கேள்வி எழுப்பிய யோபுவின்மேல் அன்று. இறைவனுக்காக வழக்காடிய அந்த நண்பர்கள்மேல்.

இன்னொன்றும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் கத்தோலிக்க இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ‘நன்றி அறிவிப்பு’ என்றொரு பகுதி உண்டு. தேர்வில் வெற்றி, வேலை, சுகப்பிரசவம், அறுவைச் சிகிச்சையில் நலம்: கேட்ட வரம் கிடைத்தவர்கள் நன்றி தெரிவிக்கிறார்கள். நல்லதே. ஆனால் அதே நவநாளைச் செய்து, அதே மெழுகுதிரியை ஏற்றி, கிடைக்காமற் போனவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறோமா? அவர்களுக்கென்று எந்த இதழிலும் ஒரு பகுதி இல்லை. சுந்தரபாண்டியத்து அம்மா வீட்டில் பழைய இதழ்கள் அடுக்கிவைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன்.

சுவரில் ஒரு நாட்காட்டிப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களால் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட நம் தேவசகாயத்தின் படம். மகள் கொடுத்தனுப்பியதாம். கைகால்களில் விலங்கோடு முழந்தாளிட்டுச் செபிக்கும் தோற்றம். பேச்சு நின்றுபோன அந்த வேளையில் அம்மா அப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவருக்குக் கடைசி வரைக்கும் விலங்கைக் கழற்றவே இல்லையா சாமி?” என்று கேட்டார்.

அதன்பின் நான் கூறியது இதுதான். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனையில் அலுவலராயிருந்தார். செல்வாக்கான குடும்பம். இடையில் துன்பம் வந்தது. கால்நடைகள் மாண்டன, வேளாண்மை பொய்த்தது, பொருள் அழிந்தது. 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின் மன்னரின் படைக்கே பயிற்சியளிக்க நியமிக்கப்பட்ட டச்சு நாட்டுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பரானார். நண்பரின் முகவாட்டத்தைக் கண்ட அந்தத் தளபதி, துன்பம் ஏன் வருகிறது என்று விளக்க முற்படவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்தும், இறைவனோடு வழக்காடியும், இறைவனை விட்டு விலகாத ஒரு மனிதனின் கதை. அக்கதைதான் நீலகண்டரை நம் மறைக்குக் கொண்டுவந்தது. 1745 மே 14-ஆம் நாள் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். இலாசர் என்பதன் பொருளாகிய தேவசகாயம் என்பதே அவர் ஏற்ற பெயர். கடவுளே உதவி என்பது அதன் கருத்து.

அப்பெயரைத் தாங்கியவருக்கு என்ன உதவி வந்தது? 1749-இல் கைது. எருமைமேல் பின்னோக்கி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை சூட்டி, ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி பூசினார்கள். பெருவிளையில் வேப்பமரத்தடியில் மாதக்கணக்காய்க் கட்டிவைத்தார்கள். அவரைத் தேடி மக்கள் வந்தார்கள், அவரிடம் செபம் வேண்டினார்கள், அவர் செபித்ததால் நலம் பெற்றோர் உண்டென்றும் மரபு. மற்றவர்களுக்காக அவர் கேட்டது கிடைத்தது. அவருடைய விலங்கு மட்டும் அப்படியே இருந்தது. மூன்றாண்டு கழித்து, 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். இந்தச் சுந்தரபாண்டியத்திற்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் தெற்கே இறங்கி முடியும் இடத்திற்கு அருகில்தான் அந்தக் குன்று இருக்கிறது. இங்கு வீசும் ஆடிக்காற்று அங்கே இன்னும் வேகமாய் வீசும்.

இடையில் நடந்த ஒன்றை மக்கள் மறக்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் நாவறண்டு அவர் தண்ணீர் கேட்டபோது, காவலர் குடிக்கத் தகாத அழுக்கு நீரைக் கொடுத்தார்களாம். அவர் செபித்துத் தம் முழங்கையால் பாறையை இடித்தார், நீர் சுரந்தது என்பது மரபு. முட்டிடிச்சான் பாறை என்று இன்றும் வழங்கும் இடம் அது.

“பாறையே பிளந்து தண்ணி வந்துச்சு, விலங்கு கழலலியா?” என்றார் அம்மா, மெதுவாக. அவர் கேட்ட பிறகே, இத்தனை ஆண்டு படித்தும் சொல்லியும் வந்த வரலாற்றில் இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்த்தேன். பாறையைத் திறக்க வல்லவருக்கு இரும்பு ஒரு பொருட்டா? ஆயினும் கொடுக்கப்பட்டது அன்றைய தாகத்திற்குத் தண்ணீர் மட்டும். ஒலிவ மலைத் தோட்டத்தில் நம் ஆண்டவர் வேண்டியபோதும் இப்படியே நிகழ்ந்தது. துன்பக் கிண்ணம் அகலவில்லை. திடப்படுத்த ஒரு சம்மனசு வந்து நின்றார் என்று லூக்கா எழுதுகிறார். உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி மும்முறை மன்றாடிய சின்னப்பருக்கும் முள் எடுக்கப்படவில்லை. அதைத் தாங்குவதற்கு அருள் போதும் என்ற பதிலே கிடைத்தது. தகப்பனின் அன்பு மகனுக்கே இப்படி என்றால், அந்தச் செபத்தில் விசுவாசம் குறைந்திருந்தது என்று எந்தச் செபக்கூட்டத்துக்காரரும் சொல்லமாட்டார் அன்றோ? இதைமட்டும் அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன்: “நீங்கள் செய்த செபத்தில் எந்தக் குறையும் இல்லையம்மா. அவர் இறந்தது உங்கள் செபத்தின் பழுதால் அல்ல. அப்படிச் சொன்னவர் திருச்சபையின் போதனையைச் சொல்லவில்லை.”

அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவர் அறிய விரும்பியது வேறு. “இவருக்குச் சம்சாரம் இருந்தாங்களா?”

இருந்தார். பார்கவி என்று பெயர். கணவரின் பின் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசா என்னும் பெயரின் தமிழாக்கம் அது. கணவர் இறந்தபின் சொந்த ஊர் அவருக்கு ஊராக இருக்கவில்லை. வடக்கன்குளத்தில் தம் எஞ்சிய நாட்களைக் கழித்தார். அவரது கல்லறை அங்கேதான் இருக்கிறது. கணவரின் உடலோ கோட்டாற்றில் புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கமாயிற்று. 1756-இலேயே கொச்சி ஆயர் உரோமைக்கு எழுதிய அறிக்கையில் அந்த வேதசாட்சியின் மரணம் இடம்பெற்றது. முத்திப்பேறு பெற்றவராக நாகர்கோவிலில் அவர் அறிவிக்கப்பட்டது 2012 திசம்பர் 2-இல். ஞானப்பூ அம்மாள் இதில் எதையும் பார்க்கவில்லை. பீடத்தில் கணவரின் உருவம் ஏறும் என்று அவரிடம் அன்று யாரும் சொல்லவில்லை. அவர் அறிந்ததெல்லாம், கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை என்பதே. அந்த அம்மாள் வடக்கன்குளத்தில் என்னவென்று செபித்திருப்பார் என்று எந்த நூலும் எழுதவில்லை.

சுந்தரபாண்டியத்து அம்மா நெடுநேரம் பேசவில்லை. காற்று ஓட்டின்மேல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பிறகு எதிர்வீட்டைக் கைகாட்டினார். அவர்கள் நம் மறையைச் சேர்ந்தவர்களல்லர். வழிவழியாய் நெசவு செய்பவர்கள். மதுரைக்கு அலைந்த அந்தப் பதினான்கு மாதமும், எதிர்வீட்டுப் பெண் தன் தறிவேலை முடிந்தபின் இரவில் இவர் வீட்டுக்கு வந்து தார் சுற்றிவைத்துவிட்டுப் போவாளாம். காலையில் இவர் ஊர் திரும்பித் தறியில் உட்காரும்போது ஊடைக்கு நூல் தயாராயிருக்கும். “கூலி கொடுத்தேன், வாங்கலை. ஏன் செய்யறேன்னும் சொல்லலை. அவ சுத்தி வைச்ச தாரில்தான் சாமி அந்த வருஷம் முழுக்கச் சாப்பிட்டோம், மருந்து வாங்கினோம்” என்றார். இதைச் சொல்லும்போதுதான் முதன்முறையாக அவர் கண் கலங்கியது. கணவரின் சாவைக் கூறியபோதும் கலங்காத கண்.

நான் அதற்கு ஒரு சொல்லும் கூட்டவில்லை. அருளென்று பெயர் சொல்லி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வத்திராயிருப்பிலிருந்து வரும் பேருந்துக்கு நேரமாயிற்று. ஆசீர் கேட்டார், கொடுத்தேன். பூசைக்கு வருவதாக அவர் சொல்லவில்லை. நானும் வாக்குறுதி கேட்கவில்லை. வாசல்வரை வந்தவர், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல் நின்றார்.

“அந்தப் பாறையில் இப்பவும் தண்ணி இருக்கா சாமி?”

இருக்கிறது, போகிறவர்கள் எடுத்துக் குடிக்கிறார்கள், சிறு பாட்டில்களில் வீட்டுக்கும் கொண்டு போகிறார்கள் என்றேன்.

“எவ்வளவு தூரம்?” என்று கேட்டார். திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து நாகர்கோவில், அதற்கப்பால் தக்கலை செல்லும் சாலையில் என்று வழி சொன்னேன். விரல்விட்டு எண்ணிப்பார்த்தார். தறியில் இருக்கும் பாவு முடிய இன்னும் எட்டு நாள் ஆகும் என்றார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. உள்ளே போய்க் குழியில் இறங்கி உட்கார்ந்தார். நான் தெருமுனை திரும்பும்வரை நாடா ஓடும் ஓசை கேட்டது.